கிராதிக்கு அப்பால்

குருப்பட்டம் பெற்ற பெர்சிஸ் முதன்முறையாக நற்கருணை வழங்கவிருந்த ஞாயிறன்று, சபை மூப்பர் சற்குணம் ஆலயத்தின் பக்கவாசலில் எல்லோரும் கேட்கவே சொன்னார்: “பொம்பள கை பட்ட பாத்திரத்துல நான் குடிக்க மாட்டேன்.”

அங்கே வெள்ளிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெர்சிஸின் தாய் தெபோராள் நிமிர்ந்தாள். “முப்பது வருசமா இத வெளக்குதது நாந்தானே அண்ணாச்சி. இவ்வளவு நாளும் எப்பிடிக் குடிச்சீய?”

பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்.

வழக்கமாக ஆலய ஊழியர்தான் பாத்திரத்தை அவளிடம் வாங்கிப் பீடத்துக்குக் கொண்டுபோவார். பீடத்துக்கு முன்னுள்ள தடுப்பான கிராதியைப் பெண்கள் தாண்டுவதில்லை. அன்று தெபோராளே தாண்டினாள். பாத்திரத்தை மகளின் கையில் வைத்தாள்.

நற்கருணை வேளையில் சபையார் கிராதியோரம் முழந்தாளிட்டனர். கடைசியாகச் சற்குணமும் முழந்தாளிட்டார். உதடுகளை மட்டும் இறுக மூடியிருந்தார். பெர்சிஸ் பாத்திரத்தை அவர் முன் நீட்டி, அவசரமின்றிக் காத்திருந்தாள்.