நல்லாக் கேக்குது சார்!

“காது கேக்குதா?” என்றார் டாக்டர்.

“நல்லாக் கேக்குது சார்!” விறைப்பாக நின்று பதில் சொன்னார் கண்ணுச்சாமி.

அன்னக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். காது கேட்கவில்லை என்று அப்பீல் போட்டுவிட்டு, நல்லாக் கேட்கிறது என்று சாட்சி சொல்கிற புருஷன் அலங்காநல்லூர்ப் பக்கம் அவளுக்கு மட்டும்தான் வாய்த்திருந்தார்.

பீரங்கிப் படையில் இருந்தவர். முட்டி தேய்ந்து, முதுகு பிடித்து, காதும் போய்த்தான் வீடு வந்து சேர்ந்தார். முதலில் பார்த்த மருத்துவக் குழுவிடமும் இதே பாட்டுத்தான். ‘எல்லாம் வயசுக் கோளாறு, காதில் குறையே இல்லை’ என்று ஊன பென்ஷனை மறுத்துவிட்டார்கள்.

போன மாசம் பரவை மார்க்கெட்டில், பின்னாடி வந்த லாரி அம்புட்டு ஹாரன் அடித்தும் இவர் விலகவில்லை. லாரிதான் விலகியது. குறையே இல்லாத காது!

“முட்டி வலி?”

“தாங்கிக்கிறேன் சார்!”

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் சட்டென்று நாற்காலியைத் திருப்பி, இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

‘ஆகா, படிச்சவருக்கு என்னா மரியாதை!’ அன்னக்கொடி பல்லைக் கடித்தாள்.

ஜன்னலைப் பார்த்தபடியே டாக்டர் சத்தமாகச் சொன்னார். “இவரெல்லாம் பட்டாளமா? குண்டுச் சத்தம் கேட்டதும் முதல்ல ஓடி ஒளிஞ்ச ஆளா இருக்கும். கூட நின்னவங்களச் சாகவிட்டுட்டு வந்தவருக்குப் பென்ஷன் ஒரு கேடு!”

கண்ணுச்சாமி பணிவாகச் சிரித்தபடி நின்றார்.

அன்னக்கொடி முன்னால் பாய்ந்தாள். “வாய அளந்து பேசுங்க டாக்டரே! அடிபட்டவனத் தோள்ல தூக்கிக்கிட்டு மலையிறங்குன முட்டி இது! ஒங்க பென்ஷனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஏங்க, வாங்க போவோம்!”

கையைப் பிடித்து இழுத்தவளை ஒன்றும் விளங்காமல் பார்த்தார் கண்ணுச்சாமி.

டாக்டர் திரும்பினார்.

“மன்னிச்சுக்கங்கம்மா. இம்புட்டு நேரம் என் உதட்டப் பாத்துத்தான் பதில் சொன்னாரு. முதல் குழுவையும் இப்படித்தான் ஏமாத்தியிருக்காரு” என்றபடி பேனாவை எடுத்தார். “முட்டிக்கும் முதுகுக்கும் எக்ஸ்ரே போதும். காதுக்குத்தான் சாட்சி இல்லாம இருந்துச்சு. நான் சொன்ன பேச்சு காதுல விழுந்திருந்தா, எந்தப் பட்டாளத்துக்காரரும் சிரிச்சுக்கிட்டு நிக்க மாட்டாரு.”