பிடுங்கிய கற்கள்

மண்வெட்டிக் காம்பு முதுகில் இறங்கியதும் சர்வேயர் மணிமாறன் மல்லிகைச் செடிகளுக்குள் குப்புற விழுந்தார்.

திண்டுக்கல் பைபாஸ் ரோட்டுக்காகக் காலையில் அவர் ஊன்றிய கற்களையெல்லாம் நாச்சிமுத்து பிடுங்கி மாட்டுவண்டியில் ஏற்றி, கூடவே அவரையும் சட்டையைப் பிடித்துத் தன் தோட்டத்துக்கு இழுத்து வந்திருந்தார்.

"இன்னும் நாலு போடுங்க!" என்று கிணற்றடியிலிருந்து கத்தினாள் நாச்சிமுத்துவின் மனைவி சொர்ணலட்சுமி.

ஊர் வளர வளர அடி வாங்குவது மணிமாறனுக்குப் பழகிப்போயிருந்தது. நிலம் போகிற வயிற்றெரிச்சல், யாரை நோவது? ரத்தம் வழியும் வாயோடு கும்பிட்டார்.

"ஐயா, உங்க நெலத்துல ஒரு பிடி மண்ணுகூட எடுக்கலைங்க. ரோடு கம்மாய்க்கு அந்தப் பக்கமாப் போகுது. சத்தியமா!"

காம்பு அந்தரத்தில் நின்றது. பிழைத்தோம் என்று மணிமாறன் மூச்சு விட்டார்.

அடுத்த அடி மண்டையில் இறங்கியது.

"ஏலே, அதுக்குத்தான்டா அடிக்கிறேன்! கல்லு அம்புட்டும் வண்டியில இருக்கு. எந்திரிச்சு எந்தோட்டத்துல ஊனு!"

கிணற்றுச் சுவரில் சாத்தியிருந்த போர்டைச் சொர்ணலட்சுமி திருப்பி வைத்தாள். புதுப் பெயின்ட் வெயிலில் மின்னியது.

'நாச்சிமுத்து நகர். பைபாஸ் ரோட்டின் மேலேயே மனைகள் விற்பனைக்கு.'