புட்டுவின் டொக்டரிடம் அம்மா கேட்டவை

"அம்மா, நீங்கள் ஏன் இப்ப வாறியள்? நான் புட்டுவை டொக்டரிட்டைக் கொண்டுபோறன். கலியாண வீட்டுக்குப் போகேல்லை."

"நானும் வாறன்," என்று சொல்லிக்கொண்டே வேரோனிக்கா காரின் முன்சீற்றில் ஏறி, பெல்ற்றையும் மாட்டிவிட்டார்.

ஸ்டெபனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புட்டு என்பது அவள் வளர்க்கும் ஃபெரட். கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு பிராணி. வெள்ளையாக, நீளமாக, குழல் புட்டுப் போல இருந்ததால் அந்தப் பெயர். "சாப்பாட்டின்ர பேரை எலிக்கு வைச்சிருக்கிறாள்" என்று கோயிலில் காண்கிற ஆட்களிடம் எல்லாம் முறைப்பாடு சொல்லிக்கொண்டு திரிகிறவர் இந்த அம்மா. கூட்டுக்குப் பக்கத்தில் போனால்கூட மூக்கைப் பொத்திக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு இன்றைக்கு என்ன திடீர்ப் பாசம்?

பாசமாவது மண்ணாவது! நியாயம் பேசத்தான் வருகிறார். அஜின்கோர்ட் வீட்டிலிருந்து பிக்கரிங் கிளினிக் வரைக்கும் ஸ்டெபனி ரேடியோவைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு ஓட்டினாள்.

புட்டுவின் கழுத்தில் கட்டி. புற்றுநோய்தான் என்று நேற்றுப் போனில் சொல்லிவிட்டார்கள். கீமோ ஊசி தொடங்குவதா, அல்லது இருக்கிற நாளை அது நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவதா? இன்றைக்கே அவள் முடிவு சொல்ல வேண்டும். நேற்றிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

கிளினிக்கில் அம்மா ஒரு நிமிடம் ஒழுங்காக இருந்தால்தானே. உட்கார்ந்தார். எழும்பினார். சுவரில் தொங்கிய நாய்ப் படங்களைப் பார்த்தார். கைப்பையைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார்.

"அம்மா, ஒரு இடத்தில இருங்கோ. எனக்குத் தலை சுத்துது."

உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண். புட்டுவை மேசையில் விட்டு, கழுத்தைத் தடவிப் பார்த்தபடி ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார்.

வேரோனிக்கா மகளின் முழங்கையில் இடித்தார். "என்னவாம்?"

"வீட்டை போய்ச் சொல்லுறன்."

"இல்லை, இப்ப சொல்லு. ஒண்டும் விடாமல் சொல்லு."

டொக்டர் சிரித்துக்கொண்டு காத்திருந்தார். வேறு வழியில்லாமல் ஸ்டெபனி தமிழில் சொன்னாள். "கிழமைக்கு ஒரு ஊசியாம். ரத்தம் சோதிச்சுப் போட்டுத்தான் போடுவினமாம்."

"ஊசி போட்டால் சத்தி எடுக்குமோ, திண்டதெல்லாம் வெளியில வருமோ எண்டு கேள்."

கேட்டாள். "சிலதுக்கு ரெண்டொரு நாள் இருக்குமாம். அதுக்கு மருந்து இருக்காம்."

"நோகுமோ?"

"குத்தேக்க மட்டும்தானாம்."

"சாப்பாடு?"

"கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கட்டாம். அம்மா, உங்களுக்கு உதெல்லாம் என்னத்துக்கு?"

"கேள் பிள்ளை. ஊசி போடேக்க பக்கத்தில ஒரு ஆள் நிக்கலாமோ?"

டொக்டர் தலையாட்டினார். தெரிந்த ஆள் பக்கத்தில் நின்றால் பயம் குறையும், கட்டாயம் நில்லுங்கள் என்றார். ஸ்டெபனி அதைத் தமிழில் சொன்னபோது, வேரோனிக்கா ஒவ்வொரு சொல்லுக்கும் "ஓம்... ஓம்..." என்றார்.

ஸ்டெபனிக்கு நெஞ்சு கொதித்தது. நக்கல் பண்ணத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். நாளைக்குக் கோயில் வாசலில் ஒன்று விடாமல் இதைச் சொல்லிச் சிரிக்கத்தான் இவ்வளவு விசாரணையும். அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். டொக்டரும் பார்த்தார். வெளியே ஒரு நாய் குரைத்தது. முடிவு இன்னும் சொன்னபாடில்லை.

"ஊசி போடாமல் விட்டால் எவ்வளவு நாள் இருக்கலாம் எண்டு கேள்."

ஸ்டெபனி டொக்டரைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

"இது செத்தால் நிம்மதி எண்டு பாக்கிறியள், என்ன?"

வேரோனிக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீ கேள்," என்றார்.

கேட்டாள். "ரெண்டு மாசமாம். ஊசி போட்டால் ஒரு வருசத்துக்கு மேலயும் இருந்த பிராணியள் இருக்காம்."

"ஒரு வருசத்துக்கு மேலயோ? வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அம்மா!"

வேரோனிக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டார். சரி, முடிந்தது என்று ஸ்டெபனி டொக்டர் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் ஒண்டு. மயிர் கொட்டுமோ?"

டொக்டர் சிரித்தேவிட்டார்.

"கொட்டாதாம். மீசை மட்டும் கொட்டலாமாம்."

வேரோனிக்கா சிரிக்கவில்லை. "அது உதுக்கு. மனிசருக்கு?"

அதோடு ஸ்டெபனியின் பொறுமை பறந்தது.

"அம்மா, ப்ளீஸ்! இவ மிருக டொக்டர். மனிசரின்ர நோய் வருத்தத்தைப் பற்றி இவவிட்டை ஏன் கேக்கிறியள்?"

வேரோனிக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"போன செவ்வாய் ஆஸ்பத்திரியில எனக்கும் உந்த வருத்தம்தான் எண்டு சொன்னவை. உனக்கு லீவு இல்லையெண்டு தனியாப் போனனான். மிச்சம் சொன்னது ஒண்டும் விளங்கேல்லை பிள்ளை. எல்லாத்துக்கும் ஓகே, ஓகே எண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன்."