கடைசி ஆறு ஜோடி

"இருக்கறது ஆறு ஜோடிதான் சார். அதையும் ஒருத்தரு போன் பண்ணி எடுத்து வைக்கச் சொல்லிட்டாரு," என்றார் அருள்முருகன். புதுச்சேரி நெல்லித்தோப்பில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடை வைத்திருப்பவர். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாததால் தலையைச் சொறிந்தார்.

சூசைநாதன் விடுவதாக இல்லை. ஆம்ப்ளிஃபையருக்குள் வைக்கும் இந்த டிரான்சிஸ்டரை விற்பது ஊரில் மூன்றே கடைகள். காலையிலிருந்து வெயிலில் அலைந்து மற்ற இரண்டையும் துடைத்து எடுத்துவிட்டார், துணிப்பையில் இருபது ஜோடி சேர்ந்திருந்தது. இந்த ஆறும் கைக்கு வராவிட்டால் அத்தனை அலைச்சலும் வீண்.

"அவருக்குக் குடுக்காதீங்க தம்பி. எனக்குக் குடுங்க."

"அது எப்படி சார்? ஆறு மணிக்கு வரேன்னு சொல்லியிருக்காரு. நாளைக்கு சாரத்துல மாதா திருநாளாம், தரையே அதிர்ற மாதிரி பெரிய பாஸ் ஆம்ப் பண்றாராம். நீங்களும் அதுக்குத்தான் வாங்கறீங்களா?"

"அதுக்குத்தான்," என்றார் சூசைநாதன்.

சாரத்தில் திருநாள் வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு போட்டி. கடையில் வாங்கிய ஆம்ப்ளிஃபையரை ஒருவரும் மதிக்க மாட்டார்கள், சொந்தமாகச் செய்ததாக இருக்க வேண்டும். வருஷம் பூராவும் சும்மா இருந்துவிட்டு முந்தின நாள்தான் சாமான் தேடிக் கிளம்புவார்கள்.

"மெட்ராஸுல கேட்டுப் பாக்கறீங்களா?" என்ற அருள்முருகன், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தானே உதட்டைப் பிதுக்கினார். "மணி நாலாச்சு. நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள கடைய மூடிடுவான். நாளைக்கு ஞாயித்துக்கிழமை வேற."

"எல்லாம் யோசிச்சுட்டுத்தான் தம்பி இங்க வந்து நிக்கறேன்."

"சரி, ஹீட் சிங்க் இருக்கா உங்ககிட்ட? டிரான்ஸ்ஃபார்மர்?"

"அதெல்லாம் வேணாம்."

"ஹீட் சிங்க் போடாம கட்டினா சூடேறி அஞ்சு நிமிஷத்துல புகைஞ்சிடும் சார்!"

"புகையட்டும்."

அருள்முருகன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த நேரத்தில் சூசைநாதனின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. மனைவி பெர்னதெத் அனுப்பிய செய்தி. அவள் போனில் பேசி ஐந்து வருஷமாகிறது, எதுவானாலும் எழுதித்தான் அனுப்புவாள். 'எங்க போனீங்க? கஞ்சி ஆறுது' என்றிருந்தது.

அதைப் படித்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கடையில் நாலு பேர் நிற்கிறார்களே என்ற கூச்சமெல்லாம் போய்விட்டது.

"என் பொஞ்சாதிக்குத் திங்கட்கிழமை இருதய ஆபரேஷன் தம்பி. நாளைக்கு ஒரு நாளு நல்லபடியாப் போயிடணும். அவள விட்டா எனக்கு யாரும் இல்ல." கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"ஐயோ, என்ன சார் நீங்க!" அருள்முருகன் பதறி அவர் கையைப் பிடித்தார். "ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி அம்மா திருநாள் பாட்டு கேக்கணும், அதானே?"

சூசைநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அருள்முருகன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, மேஜை டிராயரிலிருந்த ஆறு ஜோடியையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போங்க. அவரு வந்தா நான் ஏதாவது சொல்லிக்கறேன்."

சூசைநாதன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக உப்பனாற்றுப் பாலத்துக்குப் போய் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். இருபத்தாறு ஜோடியும் கறுப்புத் தண்ணீரில் விழுந்து மூழ்கின.

போன வருஷம் எதிர்வீட்டு ஆட்டோக்காரன் ரெக்ஸ் வைத்த ஸ்பீக்கர் பாக்ஸில் பெர்னதெத்தின் கட்டில் ஆடியது. இப்போதோ லேசான அதிர்ச்சிகூட அவளுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரெக்ஸிடம் கேட்கலாம்தான். ஆனால் அன்று சத்தத்தைக் குறைக்கச் சொன்ன பக்கத்து வீட்டு வாத்தியாரோடு தெருவில் இன்னும் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால்தான் ரெக்ஸ் போனில் சொல்லிக்கொண்டிருந்த டிரான்சிஸ்டர் நம்பரை ஒட்டுக்கேட்டு எழுதிக்கொண்டு கிளம்பினார். இனி திங்கட்கிழமை வரை புதுச்சேரியில் எவனும் பாஸ் ஆம்ப் செய்ய முடியாது. நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஆறரை மணிக்கு ரெக்ஸ் வாசலில் வந்து நின்றான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஆன்ட்டி முழிச்சிருக்காங்களா அங்கிள்?"

"தூங்கறா. என்ன விஷயம்?"

"எந்தக் கடையிலயும் டிரான்சிஸ்டர் இல்ல. யாரோ ஒரு ஆளு மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டானாம்."

"அதுக்கென்னப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்று அவன் தோளில் தட்டினார் சூசைநாதன்.

"ஆன்ட்டிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அவளுக்கு என்ன பதிலு?"

ரெக்ஸ் தயங்கினான். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க அங்கிள். இந்தத் தடவ நான் வைக்கறதாவே இல்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரே ஒரு மாதா பாட்டு கேட்டுடணும், நெஞ்சு அதிர்ற மாதிரி வைடான்னு ஆன்ட்டிதான் எழுதி அனுப்பினாங்க."

"காது கேக்காதவளுக்கு அவ்வளவு சத்தம் எதுக்குடா?"

"அவங்களுக்கு அது ஒண்ணுதான் கேக்குதாம்."