தூசி ஒத்துக்காது

துடைப்பத்தைக் கண்டாலே வாத்தியாருக்குத் தும்மல் வந்துவிடும். மெத்தையை உதறச் சொன்னால் கூடுதலாக இரண்டு தும்முவார்.

“அதுல கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி இருக்கும்மா. எனக்கு ஒத்துக்காது” என்பார். சொல்லிச் சொல்லி அதை அவரே நம்பியும் விட்டார். இருபது வருடமாக உதறியதெல்லாம் மனைவிதான்.

கடைசியில் அவள் அவரை அலர்ஜி டாக்டரிடம் அழைத்துப் போனாள். நர்ஸ் அவர் கையில் ஊசியால் குத்திப் பார்த்தார். துணைக்கு வந்த மனைவியும், “எனக்கும் பார்த்துடுங்க” என்று கையை நீட்டினாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். “தூசிப்பூச்சி அலர்ஜிதான். ரொம்பக் கடுமையா இருக்கு.”

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேட்டுக்கோ! நான் சொன்னா சிரிப்பியே?”

“சார், இது அம்மாவோட ரிப்போர்ட். உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. ஏம்மா, எத்தனை நாளா மூக்கடைப்பு?”

“கல்யாணத்துக்கு அப்புறம்தான் டாக்டர். மெத்தையை உதறினா அடைச்சுக்கும். சளின்னு விட்டுட்டேன்.”

வாத்தியாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டர் சொன்னபடி விரிப்புகளை வெந்நீரில் அலசிக் காயப்போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனைவி, மூக்கு நிறைய மூச்சை இழுத்து விட்டாள்.

“அடுத்தது மெத்தைங்க” என்றாள்.