வேலிச் சண்டையிலை வந்த ஓடு

"என்னது? பஞ்சலிங்கம் ஆயிரம் ஓடோ? அப்ப என்ரை பேரிலை ரண்டாயிரம் எழுதுங்கோ ரீச்சர்!"

சுருட்டு முதலாளி முத்துக்குமாரர் சொல்லி வாய் மூடேல்லை, கமலாவதி ரீச்சர் கொப்பியிலை எழுதிப்போட்டா.

ரீச்சர் சொன்னது பச்சைப் பொய். பஞ்சலிங்கத்தார் இன்னும் அரை ஓடும் குடுக்கேல்லை. அவவும் என்ன செய்வா? பேய்க் காத்து வந்து பள்ளிக்கூடத்துக் கிடுகுக் கூரையை அள்ளிக்கொண்டு போட்டுது. மாரிக்கு முன்னம் ஓடு போடாட்டில் பிள்ளையள் நனைஞ்சுகொண்டுதான் வாய்ப்பாடு சொல்லவேணும்.

அடுத்த வளவு, மலாயாப் பென்சன்காரர் பஞ்சலிங்கம்.

"சுருட்டுக்காரன் ரண்டாயிரமோ! அவ்வளவு எடுப்போ அவருக்கு? எனக்கு மூவாயிரம்!"

எல்லை வேலிக் கதியால் தடியை ஒரு முழம் தள்ளி நட்ட சண்டை. இருபது வரியமா ரண்டு பேரும் முகம் பாத்துக் கதைக்கிறேல்லை. புத்தூர் முழுக்க அறிஞ்ச சங்கதி.

பிறகென்ன, ஊர் ரண்டாப் பிரிஞ்சு நிண்டு குடுத்தது. சுருட்டுப் பக்கம் கதவு எண்டால் மலாயாப் பக்கம் யன்னல். கையாலை ஒரு சதம் வழுகாத மில்கார ஏரம்பர்கூட, மானம் போகுதெண்டு கூரைக்கு வளை மரம் முழுக்கத் தந்தார்.

முதல் மழை கொட்டேக்கை ஒரு பிள்ளையும் நனையேல்லை. ரீச்சருக்குக் கால் நிலத்திலை நிக்கேல்லை. ஆனால் மனம் குத்திச்சுது. பொய் சொல்லிப் பகையை ஊதிவிட்டிட்டனே! சனிக்கிழமை, பஞ்சலிங்கத்தாரிட்டை உண்மையைச் சொல்லிப்போடுவம் எண்டு போனா.

முன் வாசலிலை ஆளில்லை. வீட்டுக்குப் பின்னாலை கோடிப் பக்கம் ஒரே சிரிப்பு.

எட்டிப் பாத்தா. வேலியிலை ஆள் நுழையிற அளவு ஓட்டை, ஒரு பொட்டு. பக்கத்திலை ரண்டு கதிரை. பஞ்சலிங்கத்தாரும் முத்துக்குமாரரும் ஒரு நெருப்பிலை சுருட்டுப் பத்திக்கொண்டு!

"ஐயோ, நான் பொய்..."

"அண்டைக்கே தெரியும் ரீச்சர்," எண்டார் முத்துக்குமாரர். "நீங்கள் வாசல் படலையாலை சுத்தி வரமுன்னம் நான் உந்தப் பொட்டாலை வந்து இவனிட்டைச் சொல்லிப்போட்டன்."

"அப்ப உங்கடை சண்டை?"

"அது சண்டை பிடிச்சதுக்கு அடுத்த வரியமே தீர்ந்திட்டுது," எண்டார் பஞ்சலிங்கத்தார். "நாங்கள் ராசியெண்டு தெரிஞ்சால் ஏரம்பு கூரைக்கு ஒரு சிலாகைத் தடி தருவானோ? கோயில் கிணறும் உப்பிடித்தான் வெட்டினது."

படலையிலை சைக்கிள் மணி கேட்டது. "பஞ்சலிங்கம் அண்ணை!" எண்டு ஏரம்பரின்ரை குரல்.

முத்துக்குமாரர் பொட்டுக்குள்ளாலை தன்ரை வளவுக்குப் பாய்ஞ்சார்.

"டேய், என்ரை கதியாலிலை கை வைச்சியோ..."

"போடா சுருட்டு!"

உள்ளை வந்த ஏரம்பர் வாயைப் பிளந்துகொண்டு நிண்டார். ரீச்சர் கொப்பியிலை புது ஒற்றையைப் புரட்டினா.

"மில் முதலாளி, வாசிகசாலைக்கு முத்துக்குமாரர் அஞ்சு அலுமாரியாம்... நீங்கள் எந்தப் பக்கம்?"