சாயாவுக்குப் போனவள்

“அந்தக் குளிகை மட்டும் எனக்கு வேண்டாம் சிஸ்டரே!”

கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜெயதாஸ் வாயை இறுக மூடிக்கொண்டார். வயிற்றில் இருக்கும் கட்டியை எடுக்க இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆப்பரேஷன். மனுஷரின் பிரஷரோ இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“மயக்கம் குடுக்கதுக்கு முந்தி மனசை அடக்குற குளிகையாக்கும் இது. போட்டா பேடியும் பயமும் மாறும். பிரஷர் குறையலேன்னா டாக்டர் இன்னைக்கும் ஆப்பரேஷனை மாத்தி வச்சிருவாரு” என்றாள் நர்ஸ் ரெஜிலா.

“பேடி ஒண்ணும் இல்ல. ஆரியங்கோட்டுல எங்க பக்கத்து வீட்டு சிபி இதைப் போட்டுட்டுத்தான், ரப்பர் ஷீட் காயப்போடுற புரையில சாராயக் குப்பி ஒளிச்சு வச்சதைப் பெண்டாட்டிக்கிட்ட உளறினான். ஆப்பரேஷனைவிட அதுக்குப் பொறவு கிடைச்சதுதான் பெரிசு!”

மனைவி பிரசீதா சிரித்தாள். “அப்போ நீங்களும் என்னமோ ஒளிச்சு வச்சிருக்கீங்களோ?”

“உண்டு. அதனாலதான் சொல்லுகேன், நீ கேண்டீனுக்குப் போய் ஒரு சாயா குடி பிள்ளே. நீ போனாத்தான் குளிகை உள்ள போவும்.”

அவள் முகம் வாடிவிட்டது. எழுந்து வெளியே போனாள். ஜெயதாஸ் மாத்திரையை விழுங்கினார்.

சற்று நேரத்தில் கண் சொக்கியது, நாக்கு அவிழ்ந்தது. கட்டிலோரம் தட்டுப்பட்ட கையைப் பிடித்துக்கொண்டார்.

“சிஸ்டரே, அவகிட்டச் சொல்லிராதீங்க. இது சும்மா கொழுப்புக் கட்டின்னு கள்ளம் சொல்லித்தான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்கா. கேன்சராக்கும். எனக்குத் தெரியும்.”

அந்தக் கை அவர் விரல்களை இறுகப் பற்றியது.

“ஒரு மாசமா என்கிட்ட சண்டையே போடல்ல சிஸ்டரே! கொழுப்புக் கட்டிக்கு எவளாவது சண்டையை விடுவாளா? எனக்குத் தெரியும்னு அறிஞ்சா, பாவம், உடைஞ்சு போவா.”

“மிஷின்ல பிரஷர் குறைஞ்சாச்சு, போலாமா?” என்று ரெஜிலாவின் குரல் வாசலிலிருந்து கேட்டது.

சாயா குடிக்காமலே திரும்பி வந்திருந்த பிரசீதா, அவர் பிடித்திருந்த தன் கையை விடுவிக்காமல், மறு கையால் கண்ணைத் துடைத்தாள். “கள்ள மனுஷா! இவ்வளவு நாளும் என்னை மடச்சியாக்கிட்டீங்களே. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சு, முழுசும் எடுத்துரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. முழிச்சு வாங்க, ஒரு மாசச் சண்டை பாக்கி கெடக்கு!”